ஸ்டியரிங் மட்டும் மிச்சம்

பிரிசில்லாவின் டாக்ஸி மழையில் கரைந்துபோனது. தூத்துக்குடியில் உப்பு கரைவதுண்டு. அந்த வருடம் கார்களும் கரைந்தன. முதலில் பானெட் போனது. பிறகு கதவுகள். கடைசியில் அவள் நடுரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றாள். பின் சீட்டில் வந்த பயணி சங்கரநயினார் மட்டும் எழுந்திருக்கவில்லை. சீட் இல்லாவிட்டாலும் உட்கார்ந்தே இருந்தார்.

"ஸ்டேஷனுக்கு நேரமாவுது" என்றார்.

"வழியில ஒரு ஆபீஸ். எட்டிப் பாத்துட்டுப் போயிருவோம் அண்ணாச்சி."

அவளுக்குப் பெரிய கலக்கமில்லை. புருஷன் போன பிறகு அந்த வண்டிதான் சோறு போட்டது, வாஸ்தவம். ஆனால் கார்க் கடன் வாங்கிய அன்றே கடன் ரத்து ஒப்பந்தமும் போட்டிருந்தாள். வண்டி முழுசாக அழிந்தால் மீதிக் கடனைக் கம்பெனி கேட்காது. அதற்காகத் தவணையோடு கூடுதலாகக் கட்டி வந்தாள்.

பைனான்ஸ் கம்பெனி அதிகாரி செல்வின்துரை எழுந்து கும்பிட்டார்.

"வாங்க மேடம். மொதல்ல உங்களப் பாதுகாக்கணும்."

நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கினார். இந்த ஒப்பந்தத்தை யார் மேலும் திணிக்கக் கூடாது. வேண்டாம் என்பவருக்குக் கடனை மறுக்கக் கூடாது. எளிய மொழியில் விளக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் அவருடைய மேசை கொஞ்சம் பின்னால் போனது. மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதிக்கு வந்தபோது, அவர் நீண்ட வராந்தாவின் கோடியில் சின்னதாகத் தெரிந்தார்.

"பாதுகாத்தாச்சா?" பிரிசில்லா கத்தினாள்.

"பாதுகாத்தாச்சு! கைல என்ன?"

"ஸ்டியரிங்."

"அப்ப வண்டி முழுசா அழியல."

"மத்ததெல்லாம் கரைஞ்சிட்டு சார்."

"முழுசுன்னா முழுசு மேடம்."

"இதையும் தூரப் போட்டுருதேன்."

"போட்டா நீங்களே அழிச்சதாயிரும். அப்புறம் விதி உங்களப் பாதுகாக்காது."

 அந்தக் கூடுதல் பணத்துக்காக மீன் வாங்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

ஆபீஸ் இடது பக்கம் திரும்பியது.

ஃபைல்கள் சரிந்தன. சன்னலுக்கு வெளியே பஜார் நகர்ந்தது. செல்வின்துரை மேசையோடு வழுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மேடம் செய்யுதீங்க?"

"ஓட்டுதேன்."

"கம்பெனிய ஓட்டக் கூடாது."

"எந்த விதியில இருக்கு?"

அவர் தேடினார். எதிலும் இல்லை.

"அடுத்த சந்துல வலது" என்றார் அவள் பின்னால் இன்னும் உட்கார்ந்தே இருந்த சங்கரநயினார். "கூட்டம் இருக்காது."

அது மூன்று மாடிக் கட்டிடம். ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினாள். சங்கரநயினார் இறங்கி, பேசிய வாடகையைக் கொடுத்தார்.

"வண்டி நல்லாருக்கு. காலு நீட்ட எடமிருக்கு."

செல்வின்துரையின் முகம் தெளிந்தது.

"கேட்டீங்களா? உங்க ஆளே சொல்லிட்டாரு. வண்டி ஓடுது. கடன் ரத்தாகாது."

"சரி. அப்ப இது என் வண்டி."

"ஆமா." சொன்ன பிறகுதான் யோசித்தார். "எது?"

"நீங்க உக்காந்திருக்கது."

அவர் விதிகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் அவை அவளைப் பாதுகாத்தன. மெதுவாக மூடி வைத்தார்.

"தவணைய மட்டும் ஒழுங்கா கம்பெனில கட்டிருங்க."

"கட்டிருதேன். இப்ப கம்பெனி யாருது?"

செல்வின்துரை நான்கு சுவர்களையும் பார்த்தார். டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

வெளியே ஒரு குடும்பம் பெட்டிகளோடு நின்றது. "திருச்செந்தூர் வருமா?"

"வரும், ஏறுங்க" என்றாள் பிரிசில்லா.

"அக்கா," என்றார் செல்வின்துரை, "பெட்டியெல்லாம் எங்க வைக்க?"

"ஒன் மேசை மேல வை தம்பி."