புழுங்கல் அரிசி

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கலியம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஐப்பசிப் பௌர்ணமி. லிங்கத்தை அன்னத்தால் மூடும் நாள். பையில் இருந்தது அவள் கணவர் பஞ்சநாதன் கடைசியாக விளைவித்த நெல்லின் அரிசி. அறுவடை முடிந்து வந்த மாசியிலேயே அவர் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது இவ்வளவுதான். இது சாமிமேல் ஏறிவிட்டால் அவர் பட்ட பாடு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தே மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாள்.

அரிசி வாங்கும் இடத்தில் அம்மாக்கண்ணு இருந்தாள். பக்கத்து ஊரான மீன்சுருட்டிக்காரி, உறவுமுறையில் நாத்தனார். பைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தாள்.

"என்ன மதினி, புழுங்கலைக் கொண்டாந்திருக்கீங்க? சாமிக்குப் பச்சரிசில்ல வேணும்?"

கலியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் நெல் அவிப்பதற்கு முன்னால் சாமிக்கென்று ஒரு மூட்டையை ஒதுக்கி வைப்பது அவர் வேலை. இந்த வருஷம் அவர் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆள் வைத்து மொத்தத்தையும் அவித்துப் போட்டது இவள்தான்.

"அவுங்க போட்ட நெல்லு அம்மாக்கண்ணு. இதான் கடைசி."

அள்ளிய அரிசியை அம்மாக்கண்ணு பைக்குள்ளேயே மெல்ல விட்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "ஒருக்கா அவிச்ச நெல்லு சாமிக்கு ஆகாதே மதினி. அன்னதானத்துல சேத்துடறேன். சாம்பார் சாதத்துக்குப் புழுங்கல்தான் போடுறோம். கோவிச்சுக்கிறதுன்னா அங்க உள்ள இருக்காரு பாருங்க, அவர்கிட்டயே கோவிச்சுக்குங்க."

பை குவியலில் கவிழ்ந்தது. அடுத்த மூட்டை அதன்மேல் சரிந்தது.

வெறும் பையை மடித்தபடி கோயிலுக்குள் நடந்தாள். மடப்பள்ளியிலிருந்து கருவறை வரை ஜனங்கள் வரிசையாக நின்று சோற்றுக் கூடைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் வரிசை அறுந்திருந்தது. "அக்கா, சும்மாதான நிக்கிறீங்க, வாங்க" என்று ஒரு பெண் கூடையை நீட்டினாள். பொட்டில்லாத தன் நெற்றியை நினைத்துக் கலியம்மாள் தயங்கினாள்.

"நான் தொடலாமாம்மா?"

"கூடை சுடுதுக்கா."

வாங்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. யார் வீட்டுச் சோறு என்று கூடையில் எழுதியிருக்கவில்லை. வளையல் போட்ட கை, கரும்பு வெட்டிக் காய்த்த கை, கைக்கடிகாரம் கட்டிய கை. கூடைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் எது தன் கை என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் தீபாராதனை. எக்கி நின்று பார்த்தாள். அண்ணாந்து பார்க்கவேண்டிய அத்தனை பெரிய லிங்கம் காணாமல் போயிருந்தது. அங்கே இருந்தது சோறு மட்டும்தான். வெள்ளை வெளேரென்று மலைபோல் எழுந்து, சுடர் ஆடும்போதெல்லாம் மூச்சுவிடுவதுபோலத் தெரிந்தது. மணி நின்றபின்னும் கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அவள் ஏதோ வேண்டிக்கொள்ள நினைத்தாள். கை மட்டும் கூப்பிக்கொண்டது.

வெளியே புல்தரையில் பந்தி. எல்லார் இலையிலும் சாம்பார் சாதம் வைத்து, அதன்மேல் சாமியின் அன்னத்தில் ஒரு பிடி வைத்துக்கொண்டே போனார்கள். கலியம்மாள் தன் இலையில் கணவரின் அரிசியைத் தேடினாள். பக்கத்து இலையில் தேடினாள். அதற்கடுத்த இலையில். நிலா ஏறிய வெளிச்சத்தில் இலைகள் மதில்வரை நீண்டிருந்தன. தேடுவதை விட்டாள்.

பக்கத்தில் சிமெண்ட் தூசி படிந்த சட்டையோடு ஒரு ஆள், வேலை விட்டு நேரே வந்தவன்போல, இரண்டு சோற்றையும் ஒன்றாகப் பிசைந்து அள்ளி அள்ளி விழுங்கினான். தலை நிமிரவில்லை.

"சாதம் நல்லாருக்குல்ல?" என்று கேட்டாள்.

"காலைலேருந்து ஒண்ணும் திங்கலைங்க. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்களேன், எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு."

கை தூக்கி அழைத்தாள். வைத்தார்கள். அவன் குனிந்து உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கோயிலுக்கு வந்தும், சாமி சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.