நாத்தனார் வீட்டு அழுக்கு

நவ்ரூஸுக்கு இன்னும் ஆறு நாள். ஈரானின் ஷீராஸ் நகரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் உதறிக்கொண்டிருந்தார்கள். புத்தாண்டுக்கு முன் வீட்டை உதறுவதென்றால் சும்மா பெருக்கித் துடைப்பதல்ல. கம்பளம் மொட்டைமாடிக்குப் போகும், திரைச்சீலை தண்ணீருக்குள் போகும், விளக்கின் கண்ணாடித் தொங்கல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். இதில் தூரான் சூரப்புலி. இஸ்ஃபஹானில் பிறந்து ஷீராஸில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அதாவுல்லா இதய அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவள் உதறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்படித்தான் அவருடைய மீன்தொட்டியிலும் கை வைத்தாள். உள்ளே ஏழு ஏஞ்சல் மீன்கள், அவர் பிள்ளைபோல் வளர்த்தவை. கூழாங்கற்களைக் கொதிநீரில் அலசினாள். ஃபில்டருக்குள் கறுத்துக் கிடந்த பஞ்சை, "சீ, கருமம்" என்று குழாயடியில் பிழிந்து பிழிந்து வெளுக்க வைத்தாள். தொட்டி பளிச்சென்று இருந்தது, ஒரே ஒரு நாள். மறுநாள் மாலை மோர் ஊற்றியதுபோல் கலங்கிவிட்டது. பதறிப்போய் மொத்தத் தண்ணீரையும் மாற்றினாள். இன்னும் மோசம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

பண்டிகைக்கு முதல்நாள் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார். தைத்த நெஞ்சு அதைத் தாங்குமா? மீன்கடை செராஜுக்குப் போன் போட்டாள்.

"தூரான் கானும், பஞ்சைக் கழுவினீங்களா?"

"கழுவாம? பார்க்கவே குமட்டுச்சு."

"போச்சு. அந்தக் கறுப்புலதான் நல்ல கிருமி குடியிருக்கு. மீன் கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுங்கதான். குடும்பத்தோட சாக்கடைக்கு அனுப்பிட்டீங்க."

"புதுப் பஞ்சு வாங்கிப் போட்டா?"

"புதுசு எதுக்கு? அழுக்குதான் வேணும். பல வருஷமா ஓடுற தொட்டியிலேருந்து ஒரு பஞ்சு வாங்கிப் போடுங்க. ரெண்டு நாள் தீனி வேணாம். தண்ணியைக் கால்வாசிக்கு மேல மாத்தாதீங்க, அதுவும் முந்தின நாளே பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கட்டும். என் கடையில எல்லாத் தொட்டியிலயும் மருந்து போட்டிருக்கேன், என் பஞ்சு ஆகாது."

தூரானுக்குத் தெரிந்து அப்படி ஒரே தொட்டிதான், நாத்தனார் ஃபக்ரியுடையது. நவ்ரூஸ் தட்டோடு கிண்ணத்தில் நீந்தவிட்டு வைக்க வாங்கிய இரண்டு சிவப்பு மீன்களைப் பண்டிகை முடிந்ததும் எங்கே கொண்டுபோய் விடுவது என்று சோம்பல்பட்டே நாலு வருஷம் வளர்த்துவிட்டாள் ஃபக்ரி. அவை உள்ளங்கை அகலம் வந்துவிட்டன.

ஆனால் எந்த முகத்தோடு போவது? போன கோடையில், விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் தூரான் சொல்லியிருந்தாள்: "ஃபக்ரி வீட்டுக்குள்ள போறப்ப செருப்பைப் போட்டுக்கணும், வெளிய வர்றப்ப காலைத் துடைச்சுக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்கள்.

தொட்டியில் ஒரு மீன் மல்லாந்தது. தூரான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்த ஃபக்ரி அவள் காலைப் பார்த்தாள். "என்ன அண்ணி, செருப்பை மறக்காம போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"உன் வீட்டு அழுக்கு கொஞ்சம் வேணும்டி."

இதுவும் ஒரு குத்தல் என்று ஃபக்ரியின் முகம் சுண்டிப்போனது. தூரான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேலி இல்லடி, சத்தியமா. அவரு தொட்டியை நான் கெடுத்துட்டேன். நெஞ்சைப் பிளந்து வச்சிருக்காங்க, என்னால என்ன செய்ய முடிஞ்சுது? எனக்குக் கழுவத்தான் தெரியும். கழுவிட்டேன்."

ஃபக்ரி அவளை உள்ளே அழைத்துப் போனாள். முழங்கை வரை சட்டையைச் சுருட்டித் தொட்டிக்குள் கைவிட்டு, கொழகொழவென்றிருந்த ஒரு பஞ்சை எடுத்துத் தண்ணீரோடு பையில் போட்டாள்.

"நாலு வருஷச் சொத்து. தயவுசெஞ்சு கழுவிடாதீங்க" என்றவள், தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். டாக்சியில் மெதுவாகச் சொன்னாள்: "நீங்களாவது எதையாவது கழுவினீங்க அண்ணி. நான் சோறுகூட ஆக்காம சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

கலங்கல் உடனே போய்விடவில்லை. மல்லாந்த மீன் செத்துப்போனது. மூன்றாம் நாள் கூழாங்கற்கள் மங்கலாகத் தெரிந்தன. நான்காம் நாள் மீன்கள் கீழே இறங்கின.

அதாவுல்லா சுவரைப் பிடித்தபடி வந்தார், இருமினால் தையல் அதிராதிருக்க நெஞ்சோடு ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு. தொட்டிமுன் நின்று எண்ணினார்.

"ஆறுதான் இருக்கு."

"ஒண்ணு போயிடுச்சு. என்னாலதான்."

"அது என்ன, ஃபில்டர்ல கன்னங்கரேல்னு?"

"உங்க தங்கச்சி வீட்டு அழுக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"நீயா? அவகிட்டயா? அழுக்கையா?"

அவர் தோள் குலுங்கியது. தலையணையை இறுக்கி நெஞ்சில் அழுத்திக்கொண்டார். "வேணாம் தூரான், சிரிக்க வைக்காதே, தையல் பிரிஞ்சிடும்!"

ஆஸ்பத்திரியில் அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், துடைத்து வைத்த தரையில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.