தோகையின் ஏழாவது குழாய்

பதினெட்டுக் குழாய்களுக்கும் கீழே முப்பத்தாறு காகிதத் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொரு குழாயின் இரு முனைகளிலும், மூட்டுக்கு நேர் கீழே, தபால்தலை அளவில் கிழித்து வைத்த மெல்லிய காகிதம். குழாய்க்காரர் முழங்காலை மடித்து உட்கார்ந்து, இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உலர்ந்திருப்பதை விரல் நுனியால் தொட்டு உறுதி செய்துகொண்டு டப்பாவில் போட்டார். நேற்றுக் காலையிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டிருந்தார். ஒரு துண்டிலும் ஈரம் இல்லை; எந்த மூட்டும் கசியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆள் உயரத்துக்கு மயில் நின்றது. விளையாடுவதற்கென்றே கட்டிய கணினி அது. உடம்புக்குள் பலகைகளும் கம்பிகளும் இருந்தன. அவற்றின் சூட்டைத் தணிக்க நீலப்பச்சைத் திரவம் ஓடும் குழாய்கள் முதுகிலிருந்து தோகையாக விரிந்தன. பக்கத்து மேடைகளில் ஒரு டிராகன், ஒரு சிங்கத்தலை, தங்கமுலாம் பூசிய ஓர் ஆமை. எல்லாம் கணினிகள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உரிமையாளரின் படம். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"முப்பத்தாறும் காஞ்சிருக்கா மச்சான்?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மைத்துனன் கேட்டான். குழாய்க்காரருடைய மனைவியின் தம்பி அவன். மயிலைக் கட்டித் தந்த அதே கணினிக் கடையில் கம்பிகளைச் சீவி, சடைபோல் பின்னிக் கட்டுவது அவன் வேலை.

"காஞ்சிருக்கு. இனிமே யாரும் கை வைக்காம இருந்தா போதும்."

"உங்க கைப் படத்த வாசல்ல பாத்தீங்களா? சுவரு உயரத்துக்கு நிக்குது. விரல் ஒவ்வொண்ணும் வாழைத்தண்டு கணக்கா இருக்கு. அக்கா பாத்தா பயந்துடும்."

"மெதுவா பேசு மாப்ளே. யார் காதுலயாவது விழப்போகுது."

போன வாரம் கடைக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். மயிலின் உரிமையாளர், கட்டட முதலாளி ஒருவரின் மகன். கடையில் அவரைச் சின்னவர் என்பார்கள். குழாய்க்குள் ரப்பர் கயிற்றைச் செருகி, சூட்டுக்காற்றில் காட்டி, இளகும் நொடியில் வளைக்க வேண்டும். படத்துக்காகச் சின்னவர் வளைத்த மூன்றும் மிதிபட்ட உறிஞ்சுகுழல்போல் சப்பையாகிவிட்டன. நான்காவதில் விரலைச் சுட்டுக்கொண்டார். படக்காரர் சற்று யோசித்துவிட்டுச் சின்னவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாய்க்காரரின் மணிக்கட்டில் மாட்டினார். கடிகாரத்தில் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் குழாய்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஏழாவது குழாயை வளைத்தார். குளிர்பெட்டிகளுக்குச் செப்புக்குழாய் வளைத்த இருபது ஆண்டுகளில் அவருடைய இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்துவிட்டது. "அது அப்படியே இருக்கட்டும். உழைச்ச கை மாதிரி தெரியுது" என்றார் படக்காரர். உரிமையாளரே சொந்தக் கையால் கட்டிய கணினிக்குத்தான் முதல் பரிசு என்பது போட்டியின் விதி.

கைபேசி ஒலித்தது. மனைவி.

"நம்பர் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பரிசளிப்பு முடிஞ்சதும் என் வேலைய நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போடறேன்னு முதலாளி சொல்லியிருக்கார். போட்ட உடனே அட்டை நம்பர் வந்துடும்."

"ஆஸ்பத்திரியில அஞ்சு மணி வரைக்கும்தான் தேதிய பிடிச்சு வைப்பாங்களாம். காப்பீட்டு அட்டை நம்பர் இல்லேன்னா இடுப்பு ஆபரேஷன வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். அப்புறம் எப்போன்னு சொல்ல முடியாதாம்."

"மூணு மணிக்கெல்லாம் ஆயிடும். நீ எந்திரிச்சு நடக்காதே."

"நடக்க முடிஞ்சா உங்கள ஏன் நச்சரிக்கறேன்?" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வலியாகி நின்றது.

கடை முதலாளியும் சின்னவரும் படக்காரரோடு வந்தார்கள். முதலாளி குழாய்க்காரரின் நீலச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"நடுவருங்க வர்ற நேரம். இந்தச் சட்டையோட இங்க நின்னா என்ன நினைப்பாங்க? சரக்கு வாசல்ல போய் உக்காருங்க. கூப்பிட்டா மட்டும் வாங்க."

"சரிங்க. குழாய் மூட்டுங்கள மட்டும் யாரும் தொட வேண்டாங்க. எல்லாம் விரலால இறுக்கினது. அதுக்கு மேல இறுக்கினா உள்ள இருக்கற ரப்பர் வளையம் அறுந்துடும்."

"என் மயில்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு எனக்குப் பாடம் எடுக்கறாரா?" என்று சின்னவர் முதலாளியைக் கேட்டார். முதலாளி சிரித்தார். குழாய்க்காரர் கருவிப்பெட்டியை மேடைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடியில் இன்னும் இரண்டு கைரேகைகள் மிச்சமிருந்ததால் மைத்துனனை மட்டும் இருக்கச் சொன்னார்கள். "கையில ஏதாவது பிடிச்சிருந்தா நல்லாருக்கும்" என்றார் படக்காரர். சின்னவர் குனிந்து கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். அதை ஏழாவது குழாயின் மூட்டில் மாட்டி ஒரு சுற்றுத் திருப்பினார். "முகம் தெரியல, இன்னொரு தடவை." மறுபடியும் திருப்பினார். மைத்துனன் வாயைத் திறந்தான். முதலாளியின் பார்வை அவன் மேல் விழுந்தது. அவன் துணியை நான்காக மடித்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

பதினோரு மணிக்கெல்லாம் அரங்கு நிறைந்துவிட்டது. டிராகன்காரர் மயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆடுமா?"

"உன் டிராகன் மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காது."

"எந்தக் கடையில குடுத்துக் கட்டின?"

சின்னவர் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். "கடையா? மூணு மாசம் என் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நானே கட்டினது. பதினெட்டுக் குழாயும் இந்தக் கையால வளைச்சது. வாசல்ல படம் இருக்கு, பாத்துட்டு வா."

கூட்டம் கைதட்டியது. திரையில் போர் விளையாட்டு ஒன்று தொடங்கியது. விளக்குகள் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறின. அப்போது ஏழாவது குழாயின் மூட்டில் ஒரு முத்து திரண்டது. அது நீண்டு சொட்டியது. அடுத்தது சொட்டியது. திரை கறுத்தது, தோகை அணைந்தது.

"டேய், மயில் ஒண்ணுக்குப் போயிடுச்சுடா!" என்று டிராகன்காரர் கத்தினார். சிரிப்பு மேடை மேடையாகப் பரவியது.

மேடையைச் சுற்றிக் கறுப்புத் திரையை இழுத்தார்கள். குழாய்க்காரரை ஓடிவரச் சொன்னார்கள். நடுவர்கள் ஆமையிடம் நின்றிருந்தார்கள். மயிலிடம் வர இருபது நிமிடம் இருந்தது. அவர் மின்சாரத்தைத் துண்டித்தார், திரவத்தை வடித்தார், பலகையை இளஞ்சூட்டுக் காற்றில் அங்குலம் அங்குலமாக உலர்த்தினார். மூட்டைக் கழற்றியபோது ரப்பர் வளையம் இரண்டு துண்டாக அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. மூட்டின் பளபளப்பில் ஸ்பேனரின் பல் பதிந்திருந்தது.

"ஐயா, இத பாருங்க. ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்காங்க. மூட்டுல நான் ஸ்பேனரே போடறதில்லீங்க."

"அப்ப நான் போட்டேன்னு சொல்றியா?" சின்னவரின் குரல் திரைக்குள் அடங்கியே வந்தது. "வளைச்சது இவன், மாட்டினது இவன், இறுக்கினது இவன். நான் என்ன குழாய் ரிப்பேர்காரனா?"

குழாய்க்காரர் திரும்பினார். "மாப்ளே, நீ இங்கதானே இருந்தே?"

மைத்துனன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். "நான் கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன் மச்சான்."

குழாய்க்காரர் மூட்டின் பக்கம் திரும்பினார். புது வளையத்தைத் திரவத்தில் நனைத்துப் பொருத்தினார். விரலால் இறுக்கினார். வடித்த திரவத்தை மறுபடி ஊற்றிப் பம்பை ஓடவிட்டு, மூட்டின் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் தெரியவில்லை. மின்சாரம் கொடுத்ததும் தோகை ஒளிர்ந்தது. திரையை விலக்குவதற்கு முன் முதலாளி கையை நீட்டினார்.

"அடையாள அட்டையைக் குடுத்துட்டுப் போங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்."

"ஐயா, இன்னிக்குக் கையெழுத்து..."

"சின்னவர் இன்னும் ரெண்டு மெஷினுக்குச் சொல்லியிருக்கார். நீங்க இருந்தா வேண்டாம்னுட்டார். நான் யாரை வச்சுக்கறது, சொல்லுங்க?"

முதலாளி மனம் மாறுவாரா என்று காத்திருந்துவிட்டு, மூன்று மணிக்குச் சரக்கு வாசலில் குழாய்க்காரர் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் முதல் பரிசை அறிவித்தார்கள். சொந்தக் கைவேலைக்காக, மயிலுக்கு. மைத்துனன் ஓடிவந்து மூச்சு வாங்க நின்றான்.

"எனக்குப் போன மாசம்தான் நிரந்தரம் ஆச்சு மச்சான். ரெண்டு பிள்ளைங்க..."

"தெரியும்."

"அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவே?"

குழாய்க்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

சரக்கு வாசலைத் திறக்க அடையாள அட்டை வேண்டும் என்று காவலாளி சொல்லிவிட்டார். ஆகவே அவர் நெரிசலில் மெல்ல ஊர்ந்து அரங்கைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். அங்கே சுவர் உயரத்துக்கு இரண்டு கைகள் ஒரு குழாயைப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் கடிகாரம். மேலே, 'இந்தக் கைகள் கட்டியது' என்ற எழுத்து. படத்தோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது.

"அண்ணே, ஒரு நிமிஷம், எங்க மூணு பேரையும் ஒரு படம் எடுங்கண்ணே. கை முழுசா வரணும்." மறுக்கும் முன்பே ஒருவன் தன் கைபேசியை அவரிடம் திணித்துவிட்டு ஓடிப்போய் நின்றான்.

அவர் பையைத் தரையில் வைத்து, கைபேசியை இரண்டு கையாலும் ஏந்தினார். திரைக்குள் மூன்று தலைகள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே நடுவில் பிளந்த நகத்தோடு ஒரு கட்டைவிரல். சட்டைப்பையில் அவருடைய கைபேசி அதிரத் தொடங்கியது. மணி நாலு இருக்கும்.

"அண்ணே, ஆடுது பாருங்க. கைய ஆட்டாம பிடிங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளந்த நகமுள்ள கட்டைவிரலைப் பொத்தானை நோக்கி நகர்த்தினார்.