வண்டிக்குக் கற்றுக்கொடுத்த பலராமன்

1991ஆம் வருஷம் ஆயுதபூசை முடிந்த மறுவாரம், வல்லத்தைச் சேர்ந்த வேன் டிரைவர் பலராமனுக்கு இடது பக்கம் திரும்புவது மறந்துபோனது. கையில் அடியில்லை, கழுத்தில் சுளுக்கில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன் இடப்பக்கம் இருந்த தன் தெருவைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டி நடந்து, ஒரகடம் கூட்டுரோடுவரை போய்விட்டான். அங்கே சுப்பராயன் டீக்கடையை வலமாகச் சுற்றித் திரும்பி வந்தான். இப்போது தெரு வலப்பக்கம் இருந்ததால் சுலபமாக வீடு சேர்ந்தான். மூன்று தடவை வலது திரும்பினால் ஒரு இடது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டதால் அவன் பெரிதாகக் கவலைப்படவில்லை. சுப்பராயன்தான் ஓயாமல் கிண்டலடித்தான். “பேசாம எலெக்சன்ல நின்னுடு பலராமா. யாரு கூப்ட்டாலும் எடது பக்கம் சாய மாட்டேன்னு சத்தியமா சொல்லலாம்.”

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடம், டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டு, பழைய வேன் ஒன்றை இந்த ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. அப்போது இங்கே கம்பெனி ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் நெல், நடுவில் ரோடு, எப்போதாவது ஒரு பஸ். மோதினாலும் வரப்பில்தான் மோதும் என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வேனின் நெற்றியில் ஒரு கேமரா, வயிற்றில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் தடதடக்கும் ஜெனரேட்டர். கம்ப்யூட்டருக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. டிரைவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேராசிரியர் தணிகாசலத்தின் திட்டம். அந்த வேனுக்குப் பலராமனை டிரைவராக வைத்து, எப்போதும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டச் சொன்னார்கள். அவனும் அப்படியே ஓட்டினான். செல்லியம்மன் கோயில் வந்தால் இரண்டு ஹார்ன், ஸ்டியரிங்கை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். கூட்டுரோடு வந்தால் டீ. வண்டி எல்லாவற்றையும் பார்த்தது. ஆனால் ஒன்றும் ஏறவில்லை. தனியாக விட்டால் நெல்லுக்குள் போய் நின்றது.

ஏறியது விஜயதசமி அன்றைக்குத்தான். முந்தின நாள் வேனுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மறுநாள் ஆராய்ச்சி மாணவி சசிகலா, விளையாட்டாக, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டினாள். “அண்ணே, வண்டி உங்க ஸ்டூடண்ட்தானே? அது சார்பா குருதட்சணை, வாங்கிக்கோங்க.” பலராமன் எந்தத் தட்டையும் விளையாட்டாக வாங்குகிறவன் அல்ல. கைகால் கழுவி, துண்டை இடுப்பில் கட்டி, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனுக்குக் குட்த்துட்டேன் கண்ணு” என்று வேனைப் பார்த்துச் சொன்னான். இந்தப் பக்கத்தில் தாம்பூலம் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண்ணைக் கொடுப்பதும் அப்படித்தான், நிலத்தைக் கொடுப்பதும் அப்படித்தான். கொடுத்த பிறகு அது நம்மிடம் இருக்காது. சென்னைக்காரர்களுக்கு இது தெரியவில்லை. கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் வேன் தானாக இடது திரும்பியது. அன்றைக்குத்தான் பலராமன் வீட்டைத் தாண்டிப் போனான். அதற்கடுத்து ரிவர்ஸ் கற்றுக்கொண்டது. அதோடு அவனால் ஒரு எட்டுகூடப் பின்னால் வைக்க முடியாமல் போனது. வேன் வலது திரும்பக் கற்றுக்கொண்ட அன்று அவன் மனைவி கனகம் தெருமுனையில் நின்று கத்தினாள்.

“யோவ், வூடு இங்க கீது, நீ எங்கய்யா போய்க்கினே கீற?”

“தெரியுது கனகம். காலு கேக்க மாட்டேங்குது.”

அவளே போய்த் தோளைப் பிடித்துக் கட்டைவண்டியைத் திருப்புகிற மாதிரி திருப்பி, வாசலுக்கு நேராக வைத்துத் தள்ளிவிட்டாள். வீட்டுக்குள் வந்தவன் எதிர்ச்சுவரில் நெற்றி முட்டி நின்றான். அவனுக்கு நிற்க மட்டும் இன்னும் தெரிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் கனகம் அவனையும் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி நடத்திக்கொண்டு வேன் நின்ற இடத்துக்குப் போனாள். தணிகாசலம் கெட்ட மனிதர் அல்ல. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார், நம்பவும் செய்தார். “ஏத்தத்தாம்மா தெரியும். எறக்குற வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கல” என்றார். அப்படியானால் இதோடு நிறுத்திவிடுங்கள், பிரேக்கையாவது அவரிடம் விட்டுவையுங்கள் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், நிற்கத் தெரியாத வண்டியை எப்படிக் காட்டுவது என்று அவர் தரையைப் பார்த்தார். சசிகலா அழுதுகொண்டே, வேண்டாம் சார், இன்னொரு டிரைவரை வைத்துப் பிரேக்கைப் படிக்கவைக்கலாம் என்றாள். ஆனால் வண்டி வேறு யாருடைய காலையும் கவனிக்கவில்லை. ஒரு குருவிடம் பாடம் கேட்கிற பிள்ளை அப்படித்தான்.

கனகம் விடவில்லை. புதிதாக வெற்றிலை பாக்கு வாங்கிவந்து, இந்தமுறை பலராமனைச் சீடனாக நிறுத்தி, வண்டியைக் குருவாக்கி, தட்டை அதன் முன்னால் நீட்டினாள். ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்குவதற்கு அதனிடம் கையில்லை.

“போதும் கனகம்” என்றான் பலராமன். “தெரிஞ்சதெல்லாம்னு சொல்லிட்டேன். பிரேக்கு மட்டும் எனுக்குன்னா அது இன்னா பேச்சு?”

“பேச்சாய்யா பெர்சு? நான் பெர்சா?”

அவன் வேனில் ஏறி உட்கார்ந்து, அன்று முழுக்கப் பிரேக் போட்டுக் காட்டினான். சாயங்காலம் வேன் ஒரு ஆட்டுக்குட்டிக்காகத் தானே நின்றது. பலராமன் இறங்கி நடக்கத் தொடங்கினான்.

ஊர் ஆட்கள் பிடித்தார்கள். பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு போனான். மாட்டுக்கயிற்றால் புளியமரத்தில் கட்டினார்கள். கால்கள் நின்ற இடத்திலேயே நடந்து, உள்ளங்காலின் தோல் உரிந்து மண் சிவந்தது. கடைசியில் கனகம்தான் “வுட்டுருங்க” என்று அரிவாளை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். அவன் கிழக்கே பார்த்து வயலுக்குள் இறங்கினான். மணிமங்கலம் ஏரிக்குள் ஒரு கரையில் இறங்கி, அடியிலேயே நடந்து, மறுகரையில் தண்ணீர் சொட்ட ஏறியதை அங்கே வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

“பூமி உருண்டை, அக்கா” என்றாள் சசிகலா, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல். “நேரா போறவரு இந்தப் பக்கமா வந்துதான் ஆகணும்.”

“நடுவுல கடல் கீதேம்மா” என்றாள் கனகம்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் முன்னால் வேன் ஆளில்லாமல் அருமையாக ஓடியது. கோயில் முன்னால் இரண்டு ஹார்ன் அடித்தது. கூட்டுரோட்டில் டீ குடிக்கிற நேரம் நின்றது. பிறகு யாரும் சொல்லாமல் வல்லத்துக்குள் திரும்பி, கனகத்தின் வாசலில் போய் நின்று ஹார்ன் அடித்தது. அடுப்பை விட்டு ஓடிவந்தவள் காலி சீட்டைப் பார்த்தாள். சொல்லாத இடத்திலெல்லாம் போய் நிற்கிற வண்டி, நாட்டுக்கு உதவாத ஆராய்ச்சி என்று அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். வேனைச் சென்னைக்கே கொண்டுபோய் ஒரு ஷெட்டில் போட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து, பலராமன் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து நடந்துவந்தான். உச்சந்தலைவரை உப்புப் பூத்திருந்தது, தாடியில் ஏதோ ஊர்ச் செடியின் முள். கனகம் சோற்றுச் சட்டியோடு கூடவே ஓடி, உருட்டி உருட்டி வாயில் கொடுத்தாள். அவன் மென்றுகொண்டே இங்கே மழை எப்படி என்று விசாரித்தான். “கடலுக்கு அந்தாண்டயும் நம்ம மாதிரிதான் கனகம், நெல்லு வெக்கிறாங்க.” ஏரிக்கரை வந்ததும் பேச்சு நின்றது. அவளுக்கு நீந்தத் தெரியாது.

அந்த வருஷமே கனகம் வீட்டைப் பிரித்தாள். அவன் வந்த வழியில், அவனுடைய கோட்டின் மேலேயே, மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல், இரண்டும் நேருக்கு நேராக வைத்துக் கட்டினாள். அகலம் இரண்டு ஆள். நீளம் மட்டும் ரயில்பெட்டி மாதிரி. மேற்கு முனையில் அடுப்பு, நடுவில் தண்ணீர்த் தொட்டி, கிழக்கு முனையில் பாய். அவன் நுழைந்ததும் கூடவே நடந்து சோறு போட்டு, முகம் கழுவிவிட்டு, தலை வாரி, ஊர்க்கதை சொல்லி, சட்டை மாற்றிவிடுவாள். அதற்குள் கிழக்கு வாசல் வந்துவிடும். அவன் போன பிறகு கொஞ்சம் மண்ணும் ஓலையும் சேர்த்து வீட்டை இன்னும் நீட்டுவாள். வயலெல்லாம் போய்க் கம்பெனிகள் வந்தபோது, நிலம் அளக்க வந்தவர்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு மதில்சுவரைக் கொஞ்சம் வளைத்துக் கட்டிக்கொண்டார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் குறுக்கே நடக்கும் கிழவனுக்கு வழிவிட்டு நின்று, பிறகு பஸ் பிடிக்க ஓடினார்கள்.

வயது ஏற ஏற பலராமனின் நடை தளர்ந்தது. ஊருக்கு அவன் வருவது அபூர்வமானது. ஆனால் வந்தால் வீட்டைக் கடக்க நேரம் பிடித்தது. கடைசியாக வந்தபோது காலைப் பலகாரத்துக்கு மேற்கு வாசலில் நுழைந்தவன், மதியச் சோற்றை நடுவீட்டில் தின்று, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கிழக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். அவர் எங்கே என்று யாராவது கேட்டால் கனகம் சொல்வது இதுதான்: “வந்தாரு. ஒரு நாளு பூரா வூட்லதான் இருந்தாரு. இப்பத்தான் கெளம்பினாரு.”