இறங்கிய சுருதி

என் புருஷன் சைமன் எங்கள் கோவில் பாடகர் குழுவுக்கு மாஸ்டர். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக் களைத்து, சாயங்காலம் எங்களிடம் வந்து இன்னும் களைப்பார். நான் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒரே இடத்தில் சண்டித்தனம் செய்தது. நான்கு குரலும் சேர்ந்து நிற்கவேண்டிய இடத்தில் ஆல்ட்டோவில் யாரோ சுருதி இறங்கினார்கள். அவர் கையை உயர்த்துவார், நிறுத்துவோம். மறுபடி பாடுவோம், மறுபடி நிறுத்துவோம். குளிரில் கால் மரத்துப்போனது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எல்லோருக்கும்.

"ஃபெமினா, நீதானம்மா எறங்குற. நாளையிலருந்து வர வேண்டாம்," என்றார் ஒருநாள்.

என் பக்கத்தில் நிற்பவள் அவள். லாட்ஜில் ரூம் சுத்தம் செய்துவிட்டு நேரே வருவாள். "எங்கம்மா பூம்பாறையில இருந்து கேக்க வர்றாங்க சார்," என்று அழுதாள். அவர் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவள் இல்லை. அப்போதும் அதே இடத்தில் சுருதி இறங்கியது. எல்லோரும் பாட்டுத்தாளையே பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் முன்போல் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் பெண்டாட்டியாயிற்றே, பூனைக்கு யார் மணி கட்டுவது?

"இன்னொருக்கா பாடுவோங்க," என்றேன்.

பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அந்த இடத்தில் நான்கு குரலும் பிசகாமல் நின்றன. அவர் முகம் மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நான் பார்க்காத முகம்.

வீட்டுக்கு மேடேறும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"நான் பாடலைங்க."

"தெரியும்."

"அப்ப ஃபெமினாவ எதுக்கு வெரட்டுனீங்க?"

நின்றுவிட்டார். "ஒங்கிட்ட எப்பிடிச் சொல்ல, ஆக்ஸிலியா? ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து ஒனக்கு இது ஒண்ணுதான் ஆறுதலு." குரல் உடைந்தது. "நாளைக்கும் வா. இன்னைக்கு மாதிரியே சும்மா நில்லு."

கோபம் வந்தது. அவர்மேல் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

"காலையில வெள்ளனே போயி அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டு, கூட்டிட்டு வாங்க," என்றேன். "நான் அவ அம்மாகூட பெஞ்சுல உக்காந்து கேக்குறேன்."