உப்புமூட்டையின் மூச்சும் திறக்காத தின்னர் டின்னும்

1

இந்தக் கதை ஒரு டின் மூடியிலிருந்து வந்தது. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நாளெல்லாம் மரத்தில் உப்புத்தாள் தேய்த்துவிட்டு வந்து எழுத உட்காருகிறவன், இருப்பதைச் சொல்லிவிட்டுப் படுக்கத்தான் பார்ப்பான். மேசை நாற்காலி செய்யும் எங்கள் பட்டறையில் மேல்தட்டில், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டின் ஒன்று இருந்தது. அதைத் திறக்கப் போனேன். மூடி வரவில்லை. அந்த மூடி வராததால் ஒரு பெண் உயிர் பிழைத்து

(வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்ட பெண் படித்துவிட்டு, "நான் என்ன கிணத்துலயா விழுந்தேன் சித்தப்பா, பிழைக்கறதுக்கு?" என்று கேட்டாள். எழுதினதை அடிக்காமல் வைத்திருக்கிறேன். அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கும் தெரியட்டுமே.)

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"மாலைச் சூரியன் பட்டறைக்குள் பொன்னைக் கொட்டியது." எங்கள் பட்டறைக்குள் சூரியன் வராது. ட்யூப்லைட்தான். அதிலும் ஒன்று கண்ணடித்துக்கொண்டே இருக்கும்.

"மூச்சு என்பது உயிர்." இதைச் சொல்ல நான் எதற்கு?

"பாலிஷ்காரர் காலையில் எழுந்ததும் மகளின் வாயை மோந்து பார்ப்பார்." பாலிஷ்காரர் எங்கள் பட்டறையில் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர். இது நடந்தது, நடக்கிறது. கேட்கவும் கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பாலிஷ்காரர் காலையில் எழுந்ததும் மகளின் வாயை மோந்து பார்ப்பார். பல் தேய்ப்பதற்கு முன்னால், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால். "ஹா ஊது" என்பார். அவள் ஊதுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். விலை உயர்ந்த தேக்கை வாங்குகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு, "ம், போ."

மகளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் உப்புமூட்டை. கைக்குழந்தையாக இருந்தபோது யார் முத்தம் கொடுத்தாலும் உதட்டில் உப்புக் கரித்தது. வெயிலில் வந்த வேர்வை என்றே முதலில் நினைத்தார்கள். அப்புறம்தான் டாக்டரம்மா ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னார்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.*

* இதைப் பிழையில்லாமல் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பொருள் சுலபம். பட்டறைக்காரன் பாஷையில் சொன்னால், எல்லோருக்கும் உள்ளே எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டியது, இவர்களுக்குப் பசை மாதிரி கெட்டியாகிவிடும். நெஞ்சில் சளி அப்பிக்கொள்ளும், கிருமி குடியேறும். வயிற்றுப் பக்கம் கணையத்தில் அடைத்துக்கொள்ளும். சாப்பிடும்போதெல்லாம் மாத்திரை வேண்டும். வேர்வையில் உப்பு கூடுதலாகப் போய்விடும். பிறவியிலேயே வருவது, யாருக்கும் ஒட்டாது.

மோந்து பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது? அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அவள் மூச்சில் பழுத்த திராட்சை வாசம் அடித்தது. வீட்டில் திராட்சை இல்லை. டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். சளியை எடுத்துப் பார்த்ததில், அப்படி வாசம் வரவைக்கக்கூடிய ஒரு கிருமி நெஞ்சில் குடிவந்திருந்தது. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்து விரட்டினார்கள். டாக்டரம்மா சொன்னது இதுதான்: "வாசத்தை மட்டும் நம்பிடாதீங்க. டெஸ்ட்தான் முடிவு. ஆனா மாத்தம் தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

பாலிஷ்காரர் கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் "ஹா".

அடுத்த முறை திராட்சை வாசம் வந்தபோது ஆட்டோ பிடித்து மகளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார். அது திராட்சை மிட்டாய். அவள் இப்போது வளர்ந்து, ஒரு டாக்ஸி கம்பெனியில் போன் எடுத்து வண்டி அனுப்பும் வேலைக்குப் போகிறாள். அந்த மிட்டாய்க் கதையை மட்டும் வீட்டில் யாரும் அவரை மறக்க விடவில்லை.

3

அவளோடு வேலை செய்யும் பெண்கள் ரயிலில் கடல் பார்க்கப் போவதாகத் திட்டம் போட்டார்கள். இவளும் வருகிறேன் என்றாள். பாலிஷ்காரர் முதலில் முடியாது என்றார். பிறகு யோசிக்கிறேன் என்றார். பிறகு, "கடலுக்கு எதுக்கும்மா உப்பு கொண்டு போறே?" என்று ஜோக்கடித்துத் தப்பிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்கிற மெஷின், மாத்திரை, உப்புக் கரைசல் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கத் தோழி ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். மனுஷர் இறங்கி வந்தார். டிக்கெட் எடுத்தாயிற்று. அவள் வீட்டைத் தாண்டி வெளியூரில் தங்கப்போவது அதுதான் முதல்முறை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் தின்னர் வாசம் வர ஆரம்பித்தது.

நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாசம் தெரியுமா? கொஞ்சம் இனிப்பாக, மூக்கில் சுருக்கென்று ஏறும். தின்னரும் அதற்குப் பங்காளி. காலையில் "ஹா" ஊதும்போது பாலிஷ்காரருக்கு அது அடித்தது. அவர் கொஞ்சமும் பயப்படவில்லை. வெட்கப்பட்டார். வாழ்நாள் பூராவும் பாலிஷிலும் தின்னரிலும் ஊறின கை. நம்ம நாத்தத்தைக் குழந்தைமேல ஏத்தறோமே என்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகத்தை ஒட்ட வெட்டினார். வேலைச் சட்டையை வாசலுக்கு வெளியே தொங்கவிட்டார். வாசம் போகவில்லை.

"தோலையும் உரிச்சு வெளியிலேயே காயப் போட்டுடுங்க, போகும்" என்றார் அண்ணி. பாலிஷ்காரர் எனக்கு அண்ணன் முறை இல்லை. கூட வேலை பார்க்கிறவர். ஆனால் அவர் மனைவி எனக்கு அண்ணிதான். அந்த வீட்டில் அத்தனை சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

4

அண்ணியைப் பற்றி ஒரு சந்தேகம். இந்தக் கதையில் அவருக்கு வேலையே இல்லாமல் இருக்கிறது. கிண்டல் அடிக்கிறார், அடுப்படிக்குப் போகிறார். நோய் வந்த பிள்ளையின் அம்மா என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாமா? "அண்ணியின் கண்கள் கலங்கின" என்று எழுதி

(விட்டேன். அவர் கண் வெங்காயத்துக்குக்கூடக் கலங்காது. பொறுங்கள், அவருக்கும் இடம் வருகிறது.)

5

ரயிலுக்கு முந்தின நாள். பட்டறையில் பள்ளிக்கூட பெஞ்சு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பழைய பிரஷ் காய்ந்து கட்டையாகிக் கிடந்தது. அதை ஊறப்போடலாம் என்று தின்னர் டின்னை இறக்கினேன்.

"அண்ணே, மூடி வரமாட்டேங்குது."

"சுத்தியலால பக்கத்துல தட்டுடா."

"தட்டியாச்சு. சிமெண்ட் வச்சுப் பூசின மாதிரி பிடிச்சிருக்கு. இதைத் திறந்து எவ்ளோ நாளாச்சு?"

"திறக்கறதா? பெஞ்சு வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து தொடவே இல்லையே. பிள்ளைங்க உக்கார்றது, நெடி இருக்கக்கூடாதுன்னு எல்லாம் தண்ணிப் பெயிண்ட்தானே…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கையிலிருந்த பிரஷிலிருந்து பச்சைப் பெயிண்ட் அவர் செருப்பின்மேல் சொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. தன் கையை மோந்து பார்த்தார். பிறகு அதை என் மூக்கில் கொண்டுவந்து அப்பினார்.

"என்ன வாசம்?"

"சோப்பு."

"தின்னர்?"

"இல்லண்ணே."

"நல்லாப் பாருடா!"

"என் மூக்குல மரத்தூளைத் தவிர என்ன ஏறும்? டீக்கடைல காட்டுங்க."

நிஜமாகவே போனார். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக மோந்து பார்த்தார். "சோப்புதாங்க. நல்ல கம்பெனி சோப்பு. ஏன், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

பாலிஷ்காரர் சிரிக்கவில்லை. வாசம் தன்னிடம் இல்லை; வீட்டுக்குப் போனால்தான் வருகிறது. இது அவருக்குப் புரிந்த நேரம் அதுதான். இத்தனை நாளும் மகள் மூச்சில் வந்ததைத் தன் கை அழுக்கு என்று கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். தின்னரில் வேலை செய்யாத எந்த அப்பாவும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்.

"சட்டையை மாத்து, வா" என்றார் என்னிடம். "நீ ஒரு சாட்சி."

6

வீட்டில் உப்புமூட்டை தரையில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

"ஊதும்மா."

"காலைல ஊதினேனே?"

"இப்ப ஊது."

ஊதினாள். அவர் கண்ணை மூடவில்லை. "வாசம் வருதும்மா."

"வரும்ப்பா. நாளைக்கு ரயில்னா இன்னிக்கு வாசம் வரும். இன்னும் காணோமேன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

"தின்னர் வாசம்."

"அது உங்க வாசம்ப்பா! எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பான்னா அந்த வாசம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "டின்னு திறக்கவே இல்லம்மா. மூடி ஒட்டிப்போச்சு," என்றேன். அந்த இடத்தில் அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்பதை எழுதிக் காட்ட எனக்கு இன்னும் வரவில்லை.

"மூடியா? அப்போ திராட்சை மிட்டாய், இப்போ மூடி. நான் கடலைப் பாத்துட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு வரேன். சத்தியமா."

பாலிஷ்காரர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"பந்தயம். இப்பவே போவோம். டாக்டரம்மா பாக்கட்டும். ஏதாவது இருந்தா, இனிமே நான் போன்னு சொன்னாத்தான் நீ எங்கயும் போகணும். ஒண்ணுமில்லன்னா நீ நாளைக்கு ரயில் ஏறு. அதோட இனிமே ஹா கிடையாது. உன் வாய்ப் பக்கம் என் மூக்கு வரவே வராது. என்னைக்கும்."

அவள் கை துணிமேல் நின்றது. அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டது அதைத்தான்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"எனக்கு எங்க எழுத வரும்? உன் சித்தப்பா இப்பதானே கத்துக்கிட்டான், அவன் எழுதுவான்."

(இதுதான் அந்த எழுத்து. கொஞ்சம் நீண்டுவிட்டது.)

அப்போதுதான் அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த பாட்டிலை இன்னிக்கு எத்தனை தடவை ரொப்பினே? பாவாடையை ஊக்கு போட்டு இறுக்கிக்கிறதும் ராவெல்லாம் பாத்ரூம் போறதும் எனக்குத் தெரியாதா? வெயில்தானேன்னு நானும் விட்டுட்டேன். செருப்பைப் போடுடி."

உப்புமூட்டை செருப்பைப் போட்டாள்.

7

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்ததுமே நர்ஸ் முகம் மாறியது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கணையத்தில் அடைத்து அடைத்து, இன்சுலின் சுரக்கிற இடமும் ஓய்ந்துபோயிருக்கிறது. இந்த நோய் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு வளர்ந்தபிறகு சர்க்கரையும் சேர்ந்துகொள்ளுமாம். சர்க்கரை ரொம்ப முற்றினால் மூச்சிலேயே தின்னர் மாதிரி நெடி அடிக்குமாம்; இவர்களுக்கு அந்த அளவுக்கு முற்றுவது அபூர்வமாம். "நாளைக்கு ரயில்ல ஏறியிருந்தா நடுவழியில மயங்கியிருப்பே," என்றார் டாக்டரம்மா. அங்கேயே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள்.

"வாசம் வந்து எத்தனை நாளாச்சு?" என்று பாலிஷ்காரரைக் கேட்டார்.

அவர் கையை விரித்துக் காட்டினார். "கழுவிக்கிட்டே இருந்தேன் டாக்டரம்மா."

கட்டிலிலிருந்து ஒரு குரல். "அவரு கை ரொம்ப சுத்தம் டாக்டர். வேணும்னா மோந்து பாருங்க."

பந்தயத்தில் தோற்றவள் பேச்சா இது!

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது, எல்லாம் சரியாகிவிட்டது என்பது. பொய். நெஞ்சுச் சளி அப்படியேதான். அதோடு இப்போது இன்சுலின் ஊசியும் சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் அழுகிற மாதிரி ஒன்று. மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர், வியாதிக் கதை என்றால் கடைசியில் மனசு கனக்க வேண்டும் என்றார். உப்புமூட்டையிடம் சொன்னேன். "என்னைக் கொன்னீங்கன்னா உங்க பேனாவை ஒளிச்சு வச்சிடுவேன்," என்றாள். அவளுக்கு அடுத்த மாதம் சம்பள உயர்வு வேறு இருக்கிறதாம்.

மூன்றாவது நடந்தது. தோழிகள் ஊர்ப்பயணத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து, டாக்டரம்மா சரி என்று சொல்லி, புது டிக்கெட் எடுத்து, ஒரு மழைக்காலைப் பொழுதில் எல்லோரும் ஸ்டேஷனில் நின்றோம். பாலிஷ்காரருக்கு மட்டும் அன்றைக்கென்று பார்த்து ஜலதோஷம். மூக்கு இரண்டும் சிமெண்ட். அவர் சளி அவள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு ஒரு தூணோரமாகத் தள்ளி நின்றார். தினமும் வாங்குகிற "ஹா" அன்றைக்கு இல்லை. போகலாமா, கூடாதா என்று அவருக்குச் சொல்ல மூக்கும் இல்லை. நெஞ்சுக்குள் அவர் என்ன பாடுபட்டார் என்பது தூணைப் பிடித்திருந்த கையில் தெரிந்தது. "இறங்கிடும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இறங்கிவிடுவாள். பந்தயத்தில் தோற்றவள் அல்லவா.

அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் பெட்டிக்குள்ளிருந்து, மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். கண்ணாடியில் வாயை வைத்து, "ஹா" என்று ஊதினாள். மழைக்குளிரில் கண்ணாடி தட்டளவுக்கு வெளுத்தது. அவள் மூச்சை நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வெள்ளையில் விரலால் ஏதோ எழுதினாள்.

உள்ளேயிருந்து எழுதியதால் எங்களுக்கு எழுத்து திரும்பித் தெரிந்தது. நேராக இருக்கிற எழுத்தையே நான் விரல் வைத்துத்தான் படிப்பேன். முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. (அவள் ஊர் திரும்பியதும் கேட்டேன். "கதைல போடுவீங்க, சொல்லமாட்டேன்," என்கிறாள்.)

ரயில் போனதும் பாலிஷ்காரர் தூணை விட்டு வந்து, அடைத்த மூக்கோடு என்னைக் கேட்டார்: "என்னடா எழுதினா?"

என் கதையில் அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். எழுத்துத் தெரிந்தவன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நீங்கள் என்னைவிட வேகமாகப் படிக்கிறவர். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அந்தக் கண்ணாடியில் என்ன இருந்தது என்று அவருக்கு நீங்களே சொல்லுங்கள்.

மூக்கு திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள். திறந்துவிட்டால் அடுத்த ரயிலில் ஏறிப் போய், மோந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்.