ஊறிய விதை

விடிந்து வந்து பார்த்தபோது தேத்ரியின் நிலத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நேற்று சாயங்காலம் இதே மண் காலைத் தாங்கியது. அதை நம்பித்தான் வீட்டில் இருந்த மசூர்ப் பருப்பு விதை முழுவதையும் ஊறப் போட்டாள். மழைக்காலமெல்லாம் மூழ்கிக் கிடக்கும் இந்த மொகாமா தால் பள்ளத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். வெள்ளம் வடிந்த சேற்றில், ஈரம் போவதற்குள் விதையை வீசிவிட வேண்டும். தெற்கே மலைப்பக்கம் கொட்டிய பாழாய்ப்போன மழை ராத்திரியோடு ராத்திரியாக இங்கே வந்து படுத்துக்கொண்டது.

இடுப்பில் இருந்த விதைக் கூடைக்குள் கையை விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. முளை விடத் தொடங்கியாயிற்று. நாளைக்கு இது விதை இல்லை.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் தசராவுக்கே நிலம் தெரியும். இப்போது தீபாவளி போய், சட் பூஜை முடிந்தும் தண்ணீருக்குப் போக மனசில்லை. பிந்தி விதைத்தால் மேற்குக் காற்று பூவைக் கருக்கிவிடுகிறது. ஒரு வருஷம் வீடு கொள்ளாத பருப்பு, அடுத்த இரண்டு வருஷம் வெறும் பொக்கு. இந்த முறையும் பொய்த்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புருஷன் இருக்கும் செங்கல் சூளைக்கே போக வேண்டியதுதான். போன தடவை சூளையிலிருந்து சின்னவள் இருமிக்கொண்டே திரும்பினாள். 

தேத்ரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடக்கு வரப்புக்கு நடந்தாள். அந்தப் பக்கம் கொழுந்தன் ஜகதேவின் நிலம், தாழ்வாக இருந்தும், உயர்ந்த வரப்பு தடுத்ததால் தண்ணீர் ஏறாமல் கிடந்தது. அவன் ஓடி வந்தான்.

"அண்ணி, மம்பட்டியக் கீழ போடுங்க."

"ஒரு முழம் வெட்டுனாப் போதும். மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிரும்."

"உங்களுக்கு வடியும். எனக்கு நிக்கும். நேத்துதான விதைச்சேன், எல்லாம் அழுகிப் போகும்."

"பாகம் பிரிச்ச மறுநாளே கூடை கூடையா மண்ணக் கொட்டி வரப்ப ஒசத்துன மகராசன்தான நீ? தண்ணிக்குப் பயந்தா ஒசத்துன? அண்ணன் பொண்டாட்டி வந்து கை நீட்டிருவாளோன்னு பயம்."

"என்ன வேணா சொல்லுங்க. வெட்டணும்னா என்னை வெட்டிட்டு வெட்டுங்க."

சொன்னவன் அவள் கொத்த ஓங்கிய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள். அது தெரியும் என்பதால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் மூண்டது. மண்வெட்டியை வலக்கையிலேயே பிடித்துக்கொண்டு, இடுப்புக் கூடையை முழங்கையால் அணைத்து, இடக்கையால் ஒரு பிடி அள்ளினாள். அவன் தலைக்கு மேலாக அவன் நிலத்துக்குள் வீசினாள்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணிக்குள்ள போட்டாச் செத்துரும். உன் மண்ணுலயாவது பொழைக்கட்டும்."

"ஐயோ, விதைச்ச நிலம் அண்ணி! மேல மேல போட்டா நெருக்கிக்கிட்டு ரெண்டும் வெளங்காது!"

"அப்ப எந்திரிச்சு வந்து என் கையப் பிடி."

ஜகதேவ் பாதி எழுந்தான். அவள் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தான்; இடம் விட்டால் அது வரப்பில் இறங்கிவிடும். மறுபடி உட்கார்ந்தான். தேத்ரி அழுதுகொண்டே அடுத்த பிடியை அள்ளி வீசினாள். கொஞ்சம் அவன் நிலத்தில் விழுந்தது. மீதி, அசையாமல் இருந்தவனின் முடியிலும் தோளிலும் ஈரமாக ஒட்டிக்கொண்டது.